ஐம்பது காசு கார்டுக்குப் பதினோரு ரூபாய்: எண்ணெய்க் கடைக்காக நான் தபால் போட்ட கதை

சிறு கடை வைத்திருப்பவர்கள் யாராவது தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வாடிக்கையாளர்களுக்குப் போஸ்ட் கார்டு போடலாம் என்று நினைத்தால், அச்சகத்துக்குப் போகும் முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. யாரைக் கேட்க வேண்டும் என்றுகூட அப்போது தெரியவில்லை. 2022 தீபாவளிக்கு 1,180 கார்டு போட்டேன். எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போனது. பணம் போனதைக்கூட ஓரளவு தாங்கிக்கொண்டேன். நல்ல நாளும் அதுவுமாகப் பெரியவர்கள் மனம் நோகும்படி ஆகிவிட்டதே, அதுதான் பல ராத்திரி தூங்கவிடவில்லை.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் 2019-ல் மரச்செக்கு போட்டோம். கடலை, எள், தேங்காய் மூன்றும் ஆட்டுகிறோம். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் ஊரில் இருக்க மாட்டார். சரக்கு வாங்குவது, ஆட்டுவது, தெளிய வைப்பது, கேனில் பிடிப்பது, கணக்கு எல்லாமே நான்தான். கொரோனா சமயத்தில் வீடுகளுக்கு எண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்ததால் ஒரு நோட்டு நிறையப் பெயரும் முகவரியும் சேர்ந்திருந்தது. அதில் பாதிப் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். செக்கு எண்ணெய்க்கும் பாக்கெட் எண்ணெய்க்கும் வித்தியாசம் நாக்கில் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

அவர்களுக்கு எப்படிச் செய்தி சொல்வது என்பதில்தான் சிக்கல். வாட்ஸப்பில் பிராட்காஸ்ட் போட்டுப் பார்த்தேன். நம் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும் என்பது பிறகுதான் புரிந்தது. பெரியவர்கள் பலரிடம் பட்டன் போன்தான். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப விசாரித்தால், கடைப் பெயரையும் அனுப்பப்போகும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்தால் ஊர் முழுக்கப் போகும், ஆனால் நம்மிடம் ஏற்கெனவே வாங்குகிறவர் கையில் கிடைத்ததா என்று தெரியாது. அப்போதுதான் போஸ்ட் கார்டு ஞாபகம் வந்தது. ஐம்பது காசு. ஆயிரம் பேருக்கு ஐந்நூறு ரூபாய். இதைவிட மலிவாக ஒருவர் வீட்டு வாசல் வரை எப்படிப் போக முடியும் என்று நினைத்தேன். அன்றைக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

செப்டம்பர் முதல் வாரம் தபால் ஆபீசில் 1,500 கார்டு கேட்டேன். அவ்வளவு கையிருப்பு இல்லை, வரவழைத்துத் தருகிறோம் என்றார்கள். வர எட்டு நாள் ஆனது. இது முதல் பாடம், சிறியதுதான்: மொத்தமாகக் கார்டு வேண்டுமென்றால் மூன்று வாரம் முன்னால் சொல்லி வையுங்கள். 750 ரூபாய் கட்டிக் கார்டுக் கட்டுகளை வாங்கிக்கொண்டு சிவகாசிக்குப் பஸ் ஏறினேன். அச்சு என்றாலே எங்கள் பக்கம் சிவகாசிதான். ஆனால் நான் போன நேரம் சரியில்லை. ஆடிப்பெருக்குக்கு மறுவருஷக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை வெளியிட்டுவிட்டு, அதற்கப்புறம் அந்த ஊர் முழுக்கக் காலண்டர் வேலையில் மூழ்கிவிடும். அந்தச் சமயத்தில் ஆயிரத்தைந்நூறு கார்டு எடுத்துக்கொண்டு போகிற என்னைப் போன்றவருக்கு எந்த அச்சகத்திலும் அவசரம் காட்ட மாட்டார்கள். நாலு இடம் ஏறி இறங்கி, ஐந்தாவது இடத்தில் மினி ஆப்செட்டில் அடித்துத் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார்கள். டிசைனுக்கு 400, அச்சுக்கு 2,600.

டிசைன் செய்த தம்பி வேகமான கை. செக்குப் படம் ஒன்று, பெரிய எழுத்தில் கடைப் பெயர், "இந்தக் கார்டைக் கொண்டு வந்தால் பத்து சதவீதம் தள்ளுபடி" என்று ஒரு கட்டம். கூடவே "சர்க்கரை, கொலஸ்ட்ரால் குறையும்" என்று அவராகவே ஒரு வரி சேர்த்திருந்தார். அதை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டேன். நோயைக் குணப்படுத்தும் என்று உணவுப் பொருளுக்கு விளம்பரம் செய்யக்கூடாது, உணவுப் பொருள் விற்க வாங்க வேண்டிய எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வாங்கும்போதே அதை யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த ஒன்றில் மட்டும் தப்பித்தேன். எடுப்பாக இருக்கட்டும் என்று நான்கு பக்கமும் கெட்டியாகக் கறுப்புக் கட்டம் போட்டிருந்தார். கம்ப்யூட்டரில் பார்த்தபோது நன்றாகத்தான் தெரிந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் கடைசியில் தருவதாகச் சொன்ன கார்டு அக்டோபர் 7-ம் தேதிதான் வந்தது. பக்கத்து வீட்டில் கல்லூரி படிக்கும் பெண் கார்டுக்கு ஒரு ரூபாய் கூலியில் முகவரி எழுதிக் கொடுத்தது. நோட்டில் இருந்த முகவரிகளில் எழுத முடிந்தவை 1,180. பத்தாம் தேதி சாயங்காலம் எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்த் தபால் பெட்டியில் கைப்பிடி கைப்பிடியாகத் திணித்தேன். ஒரு பெட்டி நிறைந்து அடுத்த பெட்டிக்குப் போனேன். கவுண்டரில் கொடுத்திருந்தால் அந்த நிமிடமே யாராவது ஒருவர் கார்டைத் திருப்பிப் பார்த்து, "அம்மா, இது ஐம்பது காசில் போகாது" என்று சொல்லியிருப்பார். வரிசையில் நிற்க வேண்டுமே என்று பெட்டியில் போட்டேன். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்ததற்குத்தான் பிறகு அவ்வளவு விலை கொடுத்தேன்.

பதிமூன்றாம் தேதி மதியம் முதல் போன் வந்தது. ரிட்டையர் ஆன வாத்தியார் ஒருவர், மூன்று வருஷமாக எங்களிடம் கடலை எண்ணெய் வாங்குகிறவர். "ஏம்மா, உங்க கடைக் கார்டு வந்திருக்கு. போஸ்ட்மேன் பதினோரு ரூபா குடுத்தாத்தான் தருவேங்கறார். என்ன விவரம்?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ தவறு சார், வாங்காதீர்கள் என்றேன். "குடுத்துட்டேன்மா, உங்க கடைப் பேரு இருக்குதேன்னு" என்றார். அவர் போனை வைப்பதற்குள் அடுத்த போன். அன்று சாயங்காலத்துக்குள் இருபதுக்கு மேல். சிலர் நிதானமாகக் கேட்டார்கள், சிலர் கோபப்பட்டார்கள். ஒரு அக்கா, "எண்ணெய் விக்கிறதுக்கு எங்ககிட்டயே காசு வாங்குறீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அந்த அக்கா அதற்கப்புறம் எங்கள் கடைக்கு வரவேயில்லை. வழியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் மேல் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

மறுநாள் செக்கை நிறுத்திவிட்டுத் தபால் ஆபீசுக்குப் போனேன். போஸ்ட் மாஸ்டர் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, பொறுமையாகச் சொன்னார். ஐம்பது காசுக் கார்டு என்பது கையால் எழுதி அனுப்புவதற்கு. டைப் அடித்தாலும் பரவாயில்லை. ஆனால் செய்தியை அச்சடித்தாலோ, வேறு ஏதாவது எந்திரத்தில் நகல் எடுத்துப் பதித்தாலோ அது 'பிரிண்டட் போஸ்ட் கார்டு' என்று வேறு வகையாகிவிடும். அதற்குக் கட்டணம் ஆறு ரூபாய். ஐம்பது காசு ஏற்கெனவே கார்டிலேயே இருக்கிறது, மிச்சம் ஐந்தரை ரூபாய்க்கு நான் ஸ்டாம்ப் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாமல் போட்டால், குறைகிற தொகையைப் போல இரண்டு மடங்கை வாங்குகிறவரிடம் வசூலிப்பார்கள். ஐந்தரை இரண்டு மடங்கு பதினொன்று. டிவி போட்டிக்கு விடை எழுதிப் போடும் கார்டுக்குப் பத்து ரூபாய் என்று அதையும் சொன்னார். விதி அவர்கள் பலகையிலேயே இருந்தது. நான் எத்தனையோ தடவை அந்தப் பலகைக்குக் கீழே நின்றிருக்கிறேன், ஒருநாளும் நிமிர்ந்து படித்ததில்லை.

ஆகவே தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தபால் ஆபீஸ் கார்டை வாங்கி அச்சடித்து அனுப்புவது ஐம்பது காசு வேலை அல்ல. அச்சுக்கூலியும் சேர்த்தால் ஒரு கார்டு எட்டு ரூபாயைத் தாண்டும். அந்தக் கணக்கு உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்றால் செய்யுங்கள், அதில் தவறில்லை. ஒரு உருப்படி இரண்டாயிரம், மூவாயிரம் என்று விற்கும் ஜவுளிக்கடைக்கு அது கட்டும். ஒரு லிட்டர் எண்ணெயில் கைக்கு நிற்பது கொஞ்சம்தான் என்னும் எனக்குக் கட்டாது. கட்டணங்கள் அவ்வப்போது மாறும் என்பதால், ஒரே ஒரு மாதிரிக் கார்டை முதலில் தயார் செய்து, அதைக் கவுண்டரில் காட்டி, "இது எத்தனை ரூபாயில் போகும்" என்று கேட்டுவிட்டு மிச்சத்தை அடியுங்கள். அதற்குக் காசு எதுவும் இல்லை.

பதினோரு ரூபாயோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பதினைந்தாம் தேதி ஒரு வீட்டிலிருந்து மகன் பேசினார். அவருடைய அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது, கண் அவ்வளவாகத் தெரியாது. போஸ்ட்மேன் கையில் கறுப்புக் கட்டம் போட்ட கார்டைப் பார்த்ததும் சாவுச் செய்தி என்று நினைத்து, சிவகங்கையில் உடம்பு சரியில்லாமல் இருக்கும் தன் தம்பிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று திண்ணையிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார். எண்ணெய்க் கடைக் கார்டு என்று யாரோ படித்துச் சொன்ன பிறகும் படபடப்பு அடங்க அரை மணி நேரம் ஆகியிருக்கிறது. மகன் திட்டவில்லை. "பெரியவங்க இருக்கிற வீடு, பாத்து அனுப்புங்க" என்றுதான் சொன்னார். போனை வைத்துவிட்டு நான் எண்ணெய்க் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன்.

எனக்கு இது தெரியாத விஷயமே இல்லை. எங்கள் பாட்டி வீட்டில் கருமாதிக் கார்டு வந்தால் படித்த கையோடு கிழித்து வாசலுக்கு வெளியே போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள். கல்யாணக் கடிதம் என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். கார்டைப் படிப்பதற்கு முன்பே அதன் ஓரத்தைப் பார்த்துச் செய்தியைத் தெரிந்துகொண்ட காலத்து மனிதர்களுக்குத்தான் நான் கார்டு போட்டேன். கம்ப்யூட்டர் திரையில் பார்த்தபோது அது எனக்குத் தோன்றவேயில்லை. பிறகு விசாரித்ததில் எத்தனையோ வீடுகளில் கார்டைக் கிழித்துப் போட்டிருக்கிறார்கள். அப்படியிருக்க, தள்ளுபடிக்குக் கார்டைக் கொண்டு வாருங்கள் என்று நான் எழுதியதற்கு என்ன பயன்? டிசைன் எதுவாக இருந்தாலும் ஒரு தாளில் எடுத்து, வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவர் கையில் கொடுங்கள். ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். அது போதும்.

மூன்றாவது அடி தீபாவளிக்கு அப்புறம் விழுந்தது. பதினோரு ரூபாய் கொடுக்க மறுத்தவர்களின் கார்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. வாங்குகிறவர் மறுத்தால் அந்தத் தொகையை அனுப்பியவர் கொடுக்க வேண்டும். கடை முகவரிதான் கார்டில் அச்சாகியிருந்ததே, நேராக என்னிடமே வந்தன. எங்கள் ஊர் போஸ்ட்மேன் அண்ணன் சங்கடப்பட்டுக்கொண்டே கட்டை நீட்டுவார். மேல் மூலையில் முத்திரை குத்தி, பேனாவில் 11 என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு முறையும் கல்லாவைத் திறந்து எண்ணிக் கொடுப்பேன். மொத்தம் 94 கார்டு, 1,034 ரூபாய். இது போகக் கதவு எண் இல்லாதது, தெருப் பெயர் மாறியது, பின்கோடு தவறியது என்று எத்தனை கார்டு எங்கெங்கே போனதோ தெரியாது.

பின்கோடு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் எல்லாமே 626-ல்தான் ஆரம்பிக்கும், அதனால் கடைசி மூன்று எண்ணில் கவனம் தவறுவது சுலபம். முகவரி எழுதிய பெண் சாத்தூருக்கு 626203 என்று எழுதுவதற்குப் பதில் பல கார்டில் 626123 என்று எழுதிவிட்டது, அது சிவகாசி. தப்பு அந்தப் பிள்ளை மேல் இல்லை, என் நோட்டில் நானே அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். கார்டு போடுவதற்கு முன் முகவரி நோட்டைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். எனக்கு அந்த வேலையை முடிக்கப் பதினேழு நாள் ஆனது, தினம் ராத்திரி ஒரு மணி நேரம் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு எழுதினேன். இப்படிப் பேசியதே ஒரு நல்ல விளம்பரமாக அமைந்தது என்பது வேறு விஷயம்.

பணம் கொடுத்துக் கார்டை வாங்கியவர்களுக்கு அந்தப் பதினோரு ரூபாயைத் திருப்பித் தந்துவிடுவது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். யாரும் கேட்கவில்லையே, நாமே ஏன் போய்க் கொடுக்க வேண்டும் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கடைக்கு வந்தவர்களுக்குக் கையில் கொடுத்தேன், தூரத்தில் இருந்தவர்களுக்கு ஜிபேயில் போட்டேன், சிலர் வீட்டுக்கு நேரில் போனேன். 167 பேருக்கு 1,837 ரூபாய். கார்டு, டிசைன், அச்சு, எழுத்துக் கூலி எல்லாம் 4,930. சிவகாசிக்கு மூன்று தடவை போய் வந்தது முந்நூறு. மறுத்த கார்டுகளுக்குக் கட்டியதையும் சேர்த்தால் 8,101 ரூபாய். கார்டைக் கொண்டுவந்து எண்ணெய் வாங்கியவர்கள் ஒன்பது பேர். அந்தத் தீபாவளிக்கு நான் பிள்ளைகளுக்கு மட்டும் துணி எடுத்தேன்.

ஒரு நல்லது நடந்தது. பணம் திருப்பிக் கொடுக்கப் போன வீடுகளில் யாரும் என்னை நிற்க வைத்து அனுப்பவில்லை. காபி கொடுத்தார்கள். அந்த வாத்தியார் பதினோரு ரூபாயை வாங்கிக்கொண்டு சொன்னதுதான் அடுத்த வருஷம் எனக்கு வழிகாட்டியது. "அச்சடிச்சு அனுப்பினா அது நோட்டீஸும்மா. நோட்டீஸை யாரு படிக்கப் போறா? கையால நாலு வரி எழுதிப் பாருங்க."

2023 பொங்கலுக்கு மீண்டும் தபால் ஆபீசுக்குப் போய், இந்தத் தடவை அறுபது கார்டு மட்டும் வாங்கினேன். கையில் பேனாவை எடுத்தபோது என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. பத்து நிமிடம் வெறும் கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மேலே பிள்ளையார் சுழி போட்டுவிட்டு, முன்னால் ஆள் இருந்தால் எப்படிப் பேசுவேனோ அப்படியே எழுதினேன். திண்ணையில் உட்கார்ந்து அழுத அந்தப் பெரியம்மாவுக்கு எழுதியது இது: "பெரியம்மாவுக்கு வணக்கம். கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு எள் ஆட்டியிருக்கிறோம். போன தடவை நீங்கள் சொன்னபடி கருப்பட்டி கொஞ்சம் கூடப் போட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் தெளிந்துவிடும். உங்கள் மகனை அனுப்பினால் இரண்டு லிட்டர் எடுத்து வைக்கிறேன். கார்டைக் கொடுத்து விடுங்கள், சின்ன பாட்டில் ஒன்று கூடத் தருகிறேன்." அவ்வளவுதான். விலைப்பட்டியல் இல்லை, தள்ளுபடி சதவீதம் இல்லை. நாலு மூலையிலும் மஞ்சள் வைத்தேன்.

அறுபதில் பதினாலு கார்டு கடைக்குத் திரும்பி வந்தது. கார்டோடு வந்தவருக்கு நூறு மில்லி நல்லெண்ணெய் சின்ன பாட்டிலில் கொடுத்தேன். சதவீதத் தள்ளுபடியைவிட இது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. பத்து சதவீதம் என்றால் கணக்குப் போட வேண்டும், பாட்டில் கையில் தெரியும். வந்த கார்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறேன். எத்தனை பேர் கார்டைப் பார்த்து வந்தார்கள் என்பதற்கு வேறு எந்தக் கணக்கும் தேவையில்லை, டப்பாவை எண்ணினால் போதும். விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழித்தாலும், அதனால் வந்தவர் யார், தானாக வந்தவர் யார் என்று பிரித்துப் பார்க்க வழி வைக்காமல் செலவழிக்காதீர்கள்.

ஆடி மாதம் எழுதியபோது இன்னொரு தவறு செய்தேன், இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு வீட்டுக்கு எழுதிய கார்டில், கடைசி வரியாக "பழைய பாக்கி 640 இருக்கிறது, வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதிவிட்டேன். எனக்கு அது உரிமையாகச் சொன்னதாகத்தான் பட்டது. ஆனால் கார்டு மூடின கடிதம் இல்லை. போஸ்ட்மேன் படிப்பார், வாங்கி வைக்கும் பக்கத்து வீட்டார் படிப்பார்கள், அந்த வீட்டு மருமகள் படித்தாள். மாமியார் யாருக்கும் தெரியாமல் வாங்கிக்கொண்டிருந்த எண்ணெய்க் கடன் அது. அந்த அம்மா மறுநாள் வந்து 640 ரூபாயை மேசை மேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். நான் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டேன். கார்டில் பாக்கி எழுதாதீர்கள், உடம்பு சமாச்சாரத்திலும் வெளியே சொல்லக்கூடியதை மட்டும் எழுதுங்கள், போன தடவை என்ன வாங்கினார் என்பதைக்கூட யோசித்து எழுதுங்கள். பணம் பற்றிப் பேச வேண்டுமென்றால் இன்லேண்ட் லெட்டர் இருக்கிறது, இல்லையென்றால் நேரில் பேசலாம்.

எழுதுகிற வேலையில் கற்றது இன்னும் கொஞ்சம். ஜெல் பேனா வேண்டவே வேண்டாம். தீபாவளி எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிறது, ஒரு தூறல் பட்டால் முகவரியே கரைந்துவிடும். பால் பாயின்ட் பேனாதான் நிற்கும். முகவரிப் பக்கத்தின் வலது பாதியை முழுக்க முகவரிக்கே விட்டுவிடுங்கள், செய்தி அங்கே வழிந்து போகக்கூடாது. அனுப்புநர் முகவரியையும் நாங்கள் கையாலேயே எழுதுகிறோம், ரப்பர் ஸ்டாம்ப் குத்தலாமா கூடாதா என்ற சந்தேகமே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். போடும்போது பின்கோடு வாரியாகப் பிரித்து நூலால் கட்டி, பெட்டியில் போடாமல் கவுண்டரில் கொடுக்கிறேன். எங்கள் மாவட்டத்துக்குள் இரண்டு மூன்று நாளில் போய்விடுகிறது, சென்னைக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்கிறேன். பண்டிகைக்கு இருபது நாள் முன்னால் கார்டு அவர்கள் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் பலகாரத்துக்கு எண்ணெய் கடைசி நாளில் யாரும் வாங்குவதில்லை. 2022-ல் என் கார்டு போய்ச் சேர்ந்தபோது பாதி வீட்டில் அதிரசத்துக்கு மாவு இடித்தாகிவிட்டது.

நோட்டில் இப்போது முகவரிக்குப் பக்கத்தில் அவரவர் பண்டிகையையும் குறித்து வைத்திருக்கிறேன். எங்களிடம் வாங்கும் பாய் வீடுகளுக்கு ரம்ஜானுக்கு முன்னால், சர்ச் தெருவுக்கு டிசம்பர் முதல் வாரம். அந்தக் கார்டுகளில் பிள்ளையார் சுழியும் மஞ்சளும் வைப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே மாதிரி அனுப்பினால் வேலை குறையும், ஆனால் இப்படிப் பிரித்ததில் எனக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது, வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினால் போதும். ஒரு ராத்திரிக்குப் பத்துக் கார்டுக்கு மேல் எழுதுவதில்லை. பத்தைத் தாண்டினால் எல்லாக் கார்டிலும் ஒரே வாக்கியம் வந்துவிடுகிறது, பழைய நோட்டீஸ் போலவே ஆகிவிடுகிறது. எழுத ஆள் வைத்தாலும் செய்தியை நாம்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இப்போது கார்டுக்கு இரண்டு ரூபாய் கொடுக்கிறேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் என்ன எழுதுவது என்று சொல்லச் சொல்ல அது எழுதும். கார்டு விலையோடு இரண்டரை ரூபாய். அச்சடித்து ஆறு ரூபாய்க்கு அனுப்புவதைவிட இது பாதிக்கும் குறைவு.

புதிய ஆட்களைப் பிடிக்கக் கார்டு உதவுமா என்று சிலர் என்னைக் கேட்டார்கள். என் அனுபவத்தில் உதவாது. முன்பின் தெரியாதவருக்குக் கையால் எழுதின கார்டு போனால் அவர் சந்தேகப்படுகிறார், என் முகவரி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று ஒருவர் போன் செய்தே கேட்டார், அவர் கேட்டது நியாயம். தெரு தெருவாகப் புதியவர்களுக்குப் போக வேண்டுமென்றால் தபால் துறையிலேயே டைரக்ட் போஸ்ட் என்று ஒரு சேவை இருக்கிறது, பெயர் முகவரி எழுதாத விளம்பரத் தாளை மொத்தமாகக் கொடுத்தால் அந்தப் பகுதி வீடுகளுக்குப் போட்டுவிடுவார்கள். பெரிய கம்பெனி என்றால் மேக்தூத் கார்டு இருக்கிறது, முகவரிப் பக்கத்திலேயே விளம்பரம் அச்சாகி 25 காசுக்கு விற்கும் கார்டு. அவையெல்லாம் என் அளவுக்கு மீறியவை. என் நோட்டில் இருப்பவர்கள் என்னை மறக்காமல் இருந்தால் எனக்குப் போதும்.

2023 தீபாவளி நவம்பர் 12-ல் வந்தது. அதற்கு 240 கார்டு எழுதினோம். கார்டு 120 ரூபாய், எழுத்துக் கூலி 480. 61 கார்டு கடைக்குத் திரும்பி வந்தது, சின்ன பாட்டில்களுக்கு இரண்டாயிரத்து நானூறு ரூபாய் போல ஆனது. அந்த 61 பேரில் முக்கால்வாசிப் பேர் ஐந்து லிட்டருக்குக் குறையாமல் வாங்கினார்கள், சென்னையில் இருக்கும் மகளுக்கு என்று சிலர் தனியாக ஒரு கேனும் கட்டச் சொன்னார்கள்.

அந்தப் பெரியம்மா மகனோடு அவரே நேரில் வந்தார். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த கார்டை எடுத்துக் காட்டினார். நான் வாங்கி டப்பாவில் போடப் போனேன். "அதக் குடு தாயி, எனக்குன்னு இப்ப யாரு கடுதாசி போடுறா" என்று திருப்பி வாங்கிக்கொண்டார். அதனால் டப்பாவில் இருப்பது 60, கணக்கு நோட்டில் இருப்பது 61. இந்த வருஷம் ஒரு முப்பது பேருக்கு மட்டும் ரிப்ளை கார்டு போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். இரண்டு கார்டு சேர்ந்தாற்போல வரும், ஒரு ரூபாய். மறு பாதியில் எத்தனை லிட்டர் வேண்டும் என்று எழுதி அவர்கள் திருப்பிப் போட்டால் போதும், நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம். தபால் ஆபீசில் சொல்லி வைத்திருக்கிறேன், கார்டு வர வேண்டும்.